எதையாவது செய்யும்

மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளம்
கொளத்தூரில் எங்கள் தெருவை
எட்டு மாதமாய் வாய் பிளக்க வைத்திருந்தது.
அதில்தான் கால் மடங்கி விழுந்தாள் மெஹருன்னிசா,
கையில் பால் பாக்கெட் உடையாமல்.

இரண்டு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை.
ஊட்டியிலிருந்து கூரியரில் ஒரு வேர் வந்தது
கருவாட்டுத் துண்டு போலக் கறுத்து, ஈரத் துணியில் சுற்றி.
காம்ஃப்ரே என்ற சீட்டின் அடியில்
விற்றவர் கையெழுத்தில் இன்னொரு பெயர்: எலும்பொட்டி.
பிரண்டை மாடிச் சுவரெல்லாம் கிடக்க
இதெதற்கு என்றேன்.
பிரண்டை நாக்கை அரிக்கும் என்றாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில்
பச்சை வலை கட்டி
குளிர்நாட்டுச் செடியிடம் இது மெட்ராஸ் இல்லை என்று
தினமும் பொய் சொன்னாள்.
அது நம்பி வளர்ந்தது.
கழுதைக் காது நீளத்தில் இலை,
மேலெல்லாம் மூன்று நாள் தாடியின் சொரசொரப்பு.

அரைத்துக் கணுக்காலில் பற்றுப் போட்டாள்.
வீக்கம் வடிந்தது.
இலையாலா, நாளாலா,
யாரும் எழுதி வைக்கவில்லை.
அந்த நன்றியில் இலையை வாய்க்கும் அனுமதித்தாள்:
காலையில் ஒரு டம்ளர் சாறு.
நோன்பு மாதத்தில் அது ஸஹருக்கு நகர்ந்தது,
இஃப்தாருக்குப் பஜ்ஜி.
வெள்ளரி வாசனை, லேசான வழவழப்பு.
நான் இரண்டு தின்றேன்.
மூன்றாவதும் எடுத்திருப்பேன், கரண்ட் போய்விட்டது.

எனக்கு ரத்தம் எடுக்கிற வேலை.
ஊசி, பஞ்சு, பெயர், வயது, நேரம்.
கல்லீரல் எண்களுக்கு முகம் கிடையாது,
அந்தத் திங்கட்கிழமை வரை.
எம். மெஹருன்னிசா, 46, பெண்.
நாற்பதுக்குள் நிற்க வேண்டியது
இருநூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் கேட்டார்: மாத்திரை ஏதாவது?
இல்லை.
குடி?
அஸ்தஃபிருல்லா.
வேறே?
வேறே இல்லை.
மறைக்கவில்லை அவள்.
செடியும் ஒரு பதில் என்று தோன்றவில்லை.

ஷேர் ஆட்டோவில் நான்தான் ஆரம்பித்தேன்.
மூலிகைதானே, என்ன செய்யும் என்றாள்.

எதையாவது செய்யும் என்றுதானே
ஊட்டியிலிருந்து வரவழைத்தாய்.
எலும்பைத் தேடிப் போகிற ஒன்று
வழியில் கல்லீரலின் கதவைத் தட்டாது என்று
யார் எழுதிக் கொடுத்தது?
அதன் நஞ்சுக்கு அவசரமில்லை.
உள்ளே சின்னச் சின்ன நாளங்களை அடைக்கும்,
நம் தெருச் சாக்கடை அடைத்துக்கொள்வது மாதிரி,
மேலே பொங்கும்வரை சத்தமே இராது.
பொரித்ததால் போய்விட்டது என்று நம்ப முடியாது.
வேரில் இன்னும் அதிகம்.

ரெட்டேரி சிக்னல் வரை பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
நீயும் ரெண்டு தின்னியே?

அந்தக் கேள்விக்காக
ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கையை நீட்டினேன்.
புஷ்பலீலா எடுத்தாள். இருபத்தொன்பது.
இரண்டு பஜ்ஜிக்கு இது அதிகப்படியான பயம்தான்.
அவளிடம் காட்டச் சீட்டு வேண்டியிருந்தது.

பக்கத்துக் காலி மனையில் தேள்கொடுக்கு முளைத்திருக்கிறது.
காம்ஃப்ரேயின் பங்காளி.
அதே நஞ்சு, வேறு விலாசம்.
வாடிய தண்டில் நீலவரிப் பட்டாம்பூச்சிகள்
மொய்த்து உறிஞ்சுகின்றன.
நமக்கு ஆகாததை
ஆண் பூச்சிகள் அத்தராய் மாற்றி
பெண்ணிடம் போகின்றன.
செடிக்கு எங்கள் யார்மேலும் கோபமில்லை.

பிடுங்கவில்லை அவள்.
கால் வலித்தால் மேலே பற்று, அதுவும் சில நாள்தான்,
தோல் கிழிந்த இடத்தில் கூடாது.
மிச்ச இலை வாளித் தண்ணீரில் அழுகுகிறது
தக்காளிக்கு.
நாற்றம் முதல் மாடி வரை இறங்கியதில்
சங்கச் செயலாளர் ஞானவடிவு
எங்கோ எலி செத்திருப்பதாக
லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்.

இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்று நாற்பது, எண்பத்தெட்டு.
நாற்பதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளத்தை மூடினார்கள்.
போன வாரம் வேறு துறைக்காரர்கள் வந்து
அதே இடத்தில் வெட்டியிருக்கிறார்கள்.